பிரட்டுக்களமும் கைத்தொலைபேசியும்: வாசகர் கேள்வி – பதில்

கடந்த இரண்டு மாதங்களில் வந்த கடிதங்களில் ஐந்து, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்திருந்தபோதிலும், ஒரே விடயத்தைப் பற்றியே எழுதப்பட்டிருந்தன. பெரிய நிறுவனங்களில் ஊழியர்கள் தமக்குள் பேசிக்கொள்ளவும் சேர்ந்து வேலை செய்யவும் கொண்டுவரப்படும் செயலிகளும், நிறுவனத்துக்குள் மட்டும் இயங்கும் சமூக வலைத்தளங்களுமே அந்த விடயம். ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் தொழிலுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்பதற்காகப் பெயர்களைத் தவிர்த்து, பதவியையும் ஊரையும் மட்டும் தந்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் கம்பனியின் கீழ் பதினைந்துக்கு மேற்பட்ட தோட்டங்கள் இருக்கின்றன. சென்ற ஆண்டு தலைமை அலுவலகம் எல்லா உத்தியோகத்தர்களையும் ஓர் உள்ளகச் சமூக வலைத்தளத்தில் சேர்த்தது. முதல் மாதம் வாழ்த்துகளும் படங்களும் நிறைய வந்தன. இப்போது கொழும்பிலிருந்து வரும் அறிவித்தல்களைத் தவிர அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் நாங்களாகவே வைத்திருக்கும் வட்ஸ்அப் குழு இரவு பகலாக இயங்குகிறது. எங்கே பிழை நடந்தது?
— உதவித் தோட்ட முகாமையாளர், தலவாக்கலை

பதில்: காலைப் பிரட்டை, அதாவது அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்க ஆட்களைக் கூட்டும் நேரத்தை, நினைத்துப் பாருங்கள். தோட்ட முகாமையாளரான துரை சொல்வதை வெளிக்கள உத்தியோகத்தரான கண்டக்டர் கேட்கிறார். கண்டக்டர் சொல்வதைக் கணக்கப்பிள்ளை கேட்கிறார். கங்காணி வழியாக அது எந்த மலையில் எந்த நிரைக்கு எந்த ஆள் என்பது வரைக்கும் இறங்கிவிடுகிறது. 1970களில் காணிச் சீர்திருத்தத்தின் கீழ் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் அவற்றின் முகாமைத்துவம் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டபோதும், மேலே இருந்தவர்கள் மாறினார்களே தவிர, செய்தி இறங்கிவரும் அந்தப் படிக்கட்டு மாறவில்லை. அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் கீழிருந்து ஒரு கேள்வி மேலே ஏறுவதற்கும், ஒரு தோட்டத்தில் தெரிந்துகொண்ட விடயம் பக்கத்துத் தோட்டத்துக்குப் போவதற்கும் அந்தப் படிக்கட்டில் இடமே இருக்கவில்லை. உங்கள் கம்பனி வாங்கிய செயலி இந்த இரண்டு வேலைகளுக்காகவே செய்யப்பட்டது. அதில் அறிவித்தல்கள் மட்டும் போடப்பட்டபோது பிரட்டுக்களம் அப்படியே கைத்தொலைபேசிக்குள் வந்து சேர்ந்துவிட்டது. பிரட்டில் நின்று கேள்வி கேட்டுப் பழகாதவர்கள், அதே துரைமார் பார்த்துக்கொண்டிருக்கும் திரையில் மட்டும் எப்படிக் கேட்பார்கள்?

இவ்வகைக் கருவிகளுக்கு ‘என்டர்பிரைஸ் 2.0’ என்று 2006இல் பெயர் சூட்டியவர் அமெரிக்கப் பேராசிரியரான அன்ட்ரூ மெக்கஃபி. அவர் காட்டிய வேறுபாடு எளிமையானது. மின்னஞ்சலும் தொலைபேசியும் இருவருக்கோ சிலருக்கோ இடையில் ஓடும் குழாய்கள். அவற்றுக்குள் சென்றது வேறெவர் கண்ணிலும் படாது. பொதுத்தளத்தில் எழுதப்பட்டதோ, எழுதியவரை அறியாத ஒருவருக்கும், ஆறு மாதம் கழித்துத் தேடிவரும் ஒருவருக்கும் கிடைக்கும்.

இப்படியொரு பொதுத்தளம் இல்லாமையால் ஏற்படும் இழப்பு எவ்வளவு என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். நான் ஒரு தோட்ட அலுவலகத்தில் கிளாக்கராக இருந்த காலத்தில், கொழுந்தைக் காற்றில் வாடவைக்கும் தொழிற்சாலை வாட்டுத் தொட்டி ஒன்றில் காற்று ஒரு பக்கமாகவே ஏறியது. மறுபக்கத்துக் கொழுந்து ஈரமாகவே கிடந்தது. கொழும்புக்குக் கடிதம் எழுதினோம். பொறியியலாளர் வந்து சேர ஏழு வாரம் ஆயிற்று. அதே கம்பனிக்குச் சொந்தமான இன்னொரு தொழிற்சாலையில், எதிர் மலையில், ஆறு மைல் தொலைவில், அதே பழுதை ஒரு தகரத் தடுப்பை வைத்து முந்திய வருடமே சரிசெய்திருந்தார்கள் என்பதைப் பிற்பாடு ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில்தான் கேள்விப்பட்டேன். அந்த ஏழு வாரமும் பழுதாகிப்போன தேயிலையை இன்று நினைத்தாலும் எனக்கு மனம் கேட்பதில்லை. தொலைவு சிறிதாக இருந்தாலும் பேச்சு நின்றுவிடும் என்பதை எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தின் தோமஸ் அலன் பொறியியலாளர்களை ஆராய்ந்து 1970களிலேயே காட்டியிருக்கிறார்: இருவரின் மேசைகளுக்கு இடையில் சுமார் 50 மீட்டர் வந்துவிட்டாலே அவர்கள் வேலை பற்றி ஒழுங்காகப் பேசிக்கொள்வது அரிதாகிவிடுகிறது. நமக்கோ இடையில் ஓர் ஆறும் இரண்டு மலைகளும் இருக்கின்றன.

உங்கள் வட்ஸ்அப் குழு உயிரோடு இருப்பதற்குக் காரணம், அதில் கேட்டால் பதில் வருகிறது என்பதுதான். ஆகவே கம்பனியின் தளத்தில் முதலில் நடக்க வேண்டியதும் அதுவே: மேலிடத்தில் இருப்பவர் எல்லோரும் பார்க்கும்படி ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும், அதுவும் சங்கடமான கேள்விக்கு. 2003இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது கொள்கைகளைப் பற்றி உலகெங்குமுள்ள ஊழியர்கள் எழுதலாம் என்று 72 மணிநேரம் உள்ளக வலையமைப்பைத் திறந்துவைத்தபோது, தொடக்கத்தில் கொட்டியது கசப்பான விமர்சனமே. நிறுத்திவிடலாம் என்ற குரல் மேல்மட்டத்திலேயே எழுந்தது. அன்றைய தலைவர் சாம் பல்மிசானோ அதை நிறுத்தாமல் தொடரவிட்டார். எழுதப்பட்டவற்றைத் தமது உயர் அதிகாரிகளும் வாசிக்க வேண்டும் என்றார். உங்கள் துரைமாரில் ஒருவராவது அந்த நெஞ்சுறுதியோடு முன்வராவிட்டால், எவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய செயலியும் அறிவித்தல் பலகையாகவே முடியும்.

அடுத்து, எல்லாவற்றுக்கும் என்று திறந்துவிடாமல், எல்லாத் தோட்டத்துக்கும் பொதுவான ஒரே ஒரு வேலையில் தொடங்குங்கள். இந்நாட்டுத் தேயிலையில் 1946இல் தலைகாட்டிய கொப்புள நோய் இன்றும் மழையும் மூட்டமும் சேர்ந்த நாட்களில் மலைக்கு மலை தாவுகிறது. எந்த டிவிசனில், எந்த மலையில், எந்தத் திகதியில் முதல் இலையைக் கண்டோம் என்று ஒவ்வொரு தோட்டமும் படத்தோடு போட்டால், பக்கத்துத் தோட்டம் மருந்தடிப்பதை உரிய நேரத்தில் தீர்மானிக்கலாம். தேயிலை ஆராய்ச்சி நிலையம் உங்கள் ஊரிலேயே இருப்பதால், அங்கு கேட்டறிந்த ஆலோசனையையும் அதன் கீழேயே சேர்த்துவிடலாம். இப்படி ஒரு பயன் கைமேல் கிடைத்த பிறகு மற்றவை தாமாகவே வரும்.

இன்னொன்று: எல்லோரும் எழுதவில்லையே என்று வருந்த வேண்டாம். இணையக் குழுக்களில் நூறு பேருக்குத் தொண்ணூறு பேர் வாசிப்பதோடு நின்றுவிடுவார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் நிறைய எழுதுவார் என்பது இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006இல் சொன்ன பொதுவான கணக்கு. வாசிக்கும் தொண்ணூறு பேரும் பயனடைந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

கேள்வி: ஆயிரம் பேர் வரை வேலை செய்யும் எங்கள் நிறுவனத்துக்கு எந்தச் செயலி பொருத்தமானது? பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள்.
— தகவல் தொழில்நுட்ப உத்தியோகத்தர், கண்டி

பதில்: ஏற்கனவே மைக்ரோசொப்ட்டின் அலுவலக மென்பொருளுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தால், அந்நிறுவனத்தின் உரையாடல் செயலியான டீம்ஸ் அதனோடு கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஒரே வேலைக்கு இரண்டு கருவிகளை வாங்கிவிட்டு ஊழியர்களை அலையவிட வேண்டாம். பெயரின் புகழை மட்டும் நம்பி முடிவெடுக்கவும் வேண்டாம். பேஸ்புக் நிறுவனம் 2016இல் பெரும் ஆரவாரத்தோடு வெளியிட்ட வேர்க்பிளேஸ் தளத்தை மூடப்போவதாக 2024 மே மாதத்தில் அறிவித்தது. 2012இல் 120 கோடி டொலருக்கு மைக்ரோசொப்ட் வாங்கிய உள்ளகச் சமூக வலைத்தளமான யாமர், இன்று வேறொரு பெயரில் இயங்குகிறது. ஆகவே விற்க வருபவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதற் கேள்வி, நாளைக்கு இதை விட்டு விலகினால் எங்கள் ஊழியர்கள் எழுதியவை அனைத்தையும் தேடக்கூடிய வடிவத்தில் வெளியே எடுத்துத் தருவீர்களா என்பதாகட்டும். அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருட அனுபவம் எனக்கு உண்டு. எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் புதிய தளத்தில் எழுதும்படி கம்பனி கேட்கிறது. இன்னும் மூன்று வருடத்தில் ஓய்வுபெறப் போகிறேன். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு என்னை யார் மதிப்பார்கள் என்ற எண்ணம் வருகிறது. அப்படி நினைப்பது பிழையா?
— டீமேக்கர், ஹட்டன்

பதில்: ஐயா, அது பிழையல்ல. கொழுந்தைக் கையில் பிடித்துப் பார்த்தே வாட்டம் போதுமா என்று சொல்வதும், புளிப்பு ஏறும் வாசனையை வைத்தே எப்போது அடுப்புக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பதும் முப்பது வருடம் இரவு விழித்துச் சேர்த்த சொத்து. அதை இனாமாகக் கேட்பவர்கள், அதைச் சேர்த்தவருக்கு என்ன செய்யப்போகிறோம் என்று முதலில் யோசித்திருக்க வேண்டும்.

இதே சிக்கல் சீரொக்ஸ் நிறுவனத்தில் எழுந்த விதத்தையும் அது தீர்ந்த விதத்தையும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பிரதி எடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பவியலாளர்களைப் பின்தொடர்ந்து சென்று ஆராய்ந்தவர் ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர். கம்பனி கொடுத்த தடித்த கைநூலில் இல்லாத பழுதுகளை அவர்கள் ஒருவருக்கொருவர் கதை சொல்லித்தான் தீர்க்கிறார்கள் என்பதை அவர் கண்டார். காலை உணவு வேளையிலும் தேநீர் வேளையிலும் ‘அந்த இயந்திரம் இப்படிச் செய்தது, நான் அப்படிச் செய்து பார்த்தேன்’ என்று பேசிக்கொள்வதே அவர்களுடைய பள்ளிக்கூடமாக இருந்தது. 1990களில் அந்தப் பேச்சை எழுத்தாக்கும் ‘யுரேகா’ என்ற ஏற்பாடு முதலில் பிரான்சில் தொடங்கி ஏனைய நாடுகளுக்கும் பரவியது. ஒருவர் தாம் கண்டறிந்த உபாயத்தை எழுதுவார். அனுபவமுள்ள சக தொழில்நுட்பவியலாளர்கள் அதைச் சோதித்துச் சரியென்று ஏற்ற பிறகு, எழுதியவரின் பெயரோடு எல்லோருக்கும் அது போய்ச் சேரும். ஒவ்வொரு உபாயத்துக்கும் பணம் கொடுக்கலாமா என்ற யோசனை வந்தபோது, தொழில்நுட்பவியலாளர்களே அதை விரும்பவில்லை. பணம் என்று வந்துவிட்டால் தரம் போய் எண்ணிக்கைதான் மிஞ்சும் என்பது அவர்களுடைய எண்ணம். தம் பெயர் சக தொழிலாளர்கள் மத்தியில் நிலைப்பதையே அவர்கள் பெரிதாக மதித்தார்கள்.

ஆகவே எழுதுவதற்கு முன் உங்கள் முகாமையாளரிடம் மூன்று விடயங்களை மரியாதையோடு கேளுங்கள். எழுதியதில் உங்கள் பெயர் இருக்குமா? அதைச் சரிபார்ப்பவர் இன்னொரு அனுபவமுள்ள டீமேக்கராக இருப்பாரா, அல்லது தொழிற்சாலைக்குள் நுழைந்தறியாத ஒருவரா? இதற்கென்று வேலை நேரத்தில் நேரம் தரப்படுமா? இவற்றுக்கு நேரான பதில் கிடைத்தால் தயங்காமல் எழுதுங்கள். எழுதி முடியாதது எப்படியும் உங்கள் கையிலேயே இருக்கும். வாசனையை எந்தத் தளத்திலும் ஏற்ற முடியாது. ஆனால் எந்த மாதத்தில் எந்த ரோலர் மக்கர் செய்யும், ஈரக்காற்று அடிக்கும் நாளில் வாட்டுத் தொட்டியின் விசிறியை என்ன செய்வது என்பவை எழுதினால் நிற்கும். உங்களுக்குப் பின் அந்த நாற்காலியில் உட்காரும் பிள்ளை, உங்கள் பெயரைத் தேடி வாசித்துவிட்டு உங்களுக்கே தொலைபேசி எடுப்பான் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். யாருக்கு எது தெரியும் என்பதைக் காட்டிக்கொடுப்பதுதான் இத்தளங்களின் பெரிய பயன். எல்லாவற்றையும் அவை கற்றுக்கொடுப்பது அதற்கு அடுத்தபடிதான்.

எழுதுவது சிரமமாக இருந்தால், தொழிற்சாலையில் பயிலும் இளைஞர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு நீங்கள் சொல்ல, அவர் எழுதட்டும். அவருக்கும் அது பாடம்.

கேள்வி: நான் ஓர் ஆசிரியை. வேலைக்காக எங்களை ஆறு வட்ஸ்அப் குழுக்களில் சேர்த்திருக்கிறார்கள். இரவு பத்து மணிக்குப் படிவம் கேட்டுச் செய்தி வருகிறது. நீல அடையாளம் விழுந்த பிறகும் பதில் போடாவிட்டால் மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் விளக்கம் கேட்கிறார்கள். குழுவிலிருந்து எனது இலக்கத்தை எடுத்து முன்பின் தெரியாத ஒருவர் தொல்லை கொடுத்ததும் நடந்தது. என்ன செய்யலாம்?
— ஆசிரியை, நுவரெலியா மாவட்டம்

பதில்: முதலில், இலக்கத்தை வெளியே கொடுத்து உங்களுக்குத் தொல்லை விளைவித்தது சிறு விடயமல்ல, சகோதரி, அதைப் பொறுத்துக்கொண்டு போக வேண்டாம். அந்தச் செய்திகள் உள்ள திரையைத் திகதியோடு படம் பிடித்து (ஸ்கிரீன்ஷொட்) வைத்துக்கொண்டு, குழுவை நடத்துபவருக்கு எழுத்தில் அறிவியுங்கள். தொல்லை தொடர்ந்தால் பொலிசுக்குச் செல்லுங்கள். ஒருவரின் தொலைபேசி இலக்கமும் தனிப்பட்ட தரவே. தனிப்பட்ட தரவுகளைக் கையாள்பவர்களின் கடமைகளைக் கூறும் சட்டம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாக இந்நாட்டில் நிறைவேற்றப்பட்டிருக்கிறது.

சாதாரண வட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவரின் இலக்கமும் மற்ற எல்லோருக்கும் தெரியும். 1024 பேர் வரை சேரக்கூடிய குழுவில் இது என்னவாகும் என்பதை அதிகாரிகள் நினைத்துப் பார்ப்பதில்லை. அறிவித்தல் அனுப்புவதுதான் நோக்கமென்றால், 2022இல் வந்த ‘கொமியூனிட்டி’ என்ற ஏற்பாட்டின் அறிவித்தல் பகுதியைப் பயன்படுத்தலாம். அங்கே உறுப்பினர்களின் இலக்கங்களை நடத்துபவர்கள் மட்டுமே முழுமையாகக் காண்பார்கள். உங்கள் அதிபரிடம் இதைக் குறிப்பாக எடுத்துச் சொல்லுங்கள். இதற்குச் செலவும் இல்லை.

இரவுச் செய்தி பற்றி நான் வெளிப்படையாகவே சொல்கிறேன்: அவசரமில்லாத படிவத்தை இரவு பத்து மணிக்குக் கேட்பது, பகலில் திட்டமிடாதவரின் குறையை மற்றவர் வீட்டுக்குள் இறக்கிவைப்பதாகும். பிரான்சில் 50 பேருக்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்திருக்கும் உரிமை குறித்து ஊழியர்களுடன் பேச வேண்டும் என்பது 2017 ஜனவரி முதல் சட்டம். நாம் சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து, மாலை ஆறு மணிக்குப் பின் வரும் செய்திகளுக்கு மறுநாள் காலை பதில் தருவோம், மண்சரிவு, வெள்ளம், பாடசாலை மூடல் போன்றவற்றுக்கு மட்டும் தொலைபேசி அழைப்பு எடுக்கவும் என்று ஒரு வேண்டுகோளை எழுத்தில் கொடுத்தால், அதை மறுப்பது எந்த அதிகாரிக்கும் கடினம். தனியொருவராகக் கேட்டால் குறிவைக்கப்படக் கூடும், சேர்ந்து கேளுங்கள். ஆறு குழுக்கள் தேவையா என்ற கேள்வியையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கம்பனியின் தளத்தில் அலுவலக உத்தியோகத்தர்கள் மட்டுமே இருக்கிறார்கள். கொழுந்து பறிக்கும் தொழிலாளர்களையும் சேர்க்க வேண்டும் என்று நான் சொன்னபோது, அவர்களுக்கு இது விளங்காது என்றார்கள். உங்கள் கருத்து என்ன?
— நலன்புரி உத்தியோகத்தர், பண்டாரவளை

பதில்: அவர்களுக்கு விளங்காது என்று சொன்னவர், மாலையில் ஒரு முறை தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் நடந்து பார்க்கட்டும். கட்டாரிலும் குவைத்திலும் இருக்கும் மகளோடும் கொழும்புக் கடையில் நிற்கும் மகனோடும் காணொளியில் பேசிக்கொண்டிருக்கும் அம்மாமார், செயலியைப் பயன்படுத்த எவரிடமும் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை. உண்மையான தடைகள் வேறு. அவற்றைப் பற்றி யோசிக்காமல் சேர்த்தாலும் பயன் இராது.

முதல் தடை தொலைபேசி. வீட்டுக்கு ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் கணவரிடமோ மகனிடமோ இருக்கிறது என்றால், தளத்தில் பேசப்போவது அவர்கள்தான். கொழுந்து பறிக்கும் பெண் அங்கேயும் மௌனமாகவே இருப்பாள். மடுவத்தில், நிறுவை நடக்கும் இடத்தில், கம்பனியே ஒரு டப்லட்டை வைத்து, எவரும் தம் சொந்த இலக்கத்தைக் கொடுக்காமல் பேசிப் பதிவுசெய்ய வழிசெய்யலாம். டேட்டாச் செலவையும் கம்பனியே ஏற்க வேண்டும். நாட்சம்பளத்திலிருந்து ஒரு சதமேனும் இதற்குப் போகக் கூடாது.

அடுத்தது மொழி. பெரும்பாலான தளங்களில் பேச்சு ஆங்கிலத்தில்தான் தொடங்குகிறது; பிறகு ஆங்கில எழுத்தில் தமிழும் சிங்களமும் வருகின்றன. 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியானது. ஒரு தோட்டத்தின் உள்ளகத் தளத்தில் அது இரண்டாம் பட்சமாக இருக்கக் காரணம் எதுவுமில்லை. எழுதத் தயங்குபவர்களுக்குக் குரற்பதிவு நல்ல வழி. ஆனால் குரலில் உள்ளதைப் பிற்பாடு தேடி எடுப்பது கடினம். ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் கீழே ‘மூன்றாம் இலக்க மலை, படிக்கட்டு உடைந்திருக்கிறது’ என்று ஒரு வரி தமிழில் எழுதிவைக்க ஒருவரை நியமியுங்கள். அந்த வேலைக்கு உங்களைவிடப் பொருத்தமானவர் யார்? அப்படி எழுதும்போது யுனிகோட் தமிழிலேயே எழுதுங்கள். யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய சுற்றறிக்கைகள் புதிய தளங்களில் தேடினால் அகப்படுவதில்லை.

மூன்றாவது தடை அச்சம். கம்பனி நடத்தும் தளத்தில் எழுதப்படுவதைக் கம்பனி பார்க்க முடியும். இதை மறைக்காமல் தொழிலாளர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். சம்பளப் பிணக்கும் தொழிற்சங்க விடயமும் அங்கே பேசப்பட வேண்டியவை அல்ல. அவற்றுக்குத் தோட்டத் தலைவரும் சங்கமும் இருக்கிறார்கள். தளம் அவர்களை ஒதுக்குவதற்கான கருவியாகிவிடாதபடி, தொடங்கும் முன்பே தலைவர்மாரை அழைத்துப் பேசுங்கள்.

பிறகு ஒரே ஒரு டிவிசனில், ஒரே ஒரு விடயத்தோடு தொடங்குங்கள். மலைக்குப் போகும் பாதைகளின் நிலை பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன். மழைக்காலத்தில் எந்த இடத்தில் மண் விரிந்திருக்கிறது, எந்த மரம் சாய்ந்திருக்கிறது, எங்கே குளவிக்கூடு தொங்குகிறது என்பதை நாள்தோறும் முதலில் காண்பவர்கள் அந்தப் பெண்கள்தான். அலுவலகத்தில் இருக்கும் எவருக்கும் அது தெரியாது. குளவி கொட்டிய பிறகு ஆளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதை விட, காலை ஏழு மணிக்கு ஒருவர் போட்ட குரற்பதிவைக் கேட்டு அந்த மலைக்கு அன்று ஆளை அனுப்பாமல் இருப்பது எவ்வளவு மேல்! அப்படி ஒருவர் சொன்னால், அன்றைக்கே கண்டக்டர் அதே இடத்தில் ‘கேட்டேன், இன்று ஏழாம் இலக்க மலைக்கு மாற்றியிருக்கிறோம்’ என்று அவரது பெயரைச் சொல்லிப் பதில் குரல் கொடுக்க வேண்டும். அந்தப் பதிலை மறுநாள் பிரட்டில் எல்லோரும் கேட்கும்படி ஒலிக்கவிடுங்கள். மூன்று மாதம் சென்ற பின் என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தை இந்தப் பகுதியில் முழுமையாக வெளியிடுகிறேன்.